ஈதர்நெட் லூப்: மேஜையடியிலேயே தடுத்துவிடுங்கள்

ஸ்விட்ச்சின் எல்லா விளக்கும் படபடவென்று ஒரே சீராக மின்னுகிறது, யாருக்கும் ஐபி கிடைக்கவில்லை என்றால் முதலில் லூப்பைச் சந்தேகப்படுங்கள், அதாவது கேபிள்கள் வட்டமாக இணைந்து தரவு முடிவில்லாமல் சுற்றுவதை. ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்ற ஆயுள் எண்ணிக்கை உண்டு. ரவுட்டருக்கு ரவுட்டர் ஒன்று குறைந்து கடைசியில் செத்துவிடும். ஸ்விட்ச் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. ஒரேயொரு ஏஆர்பி கேள்வி (இந்த ஐபி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்பது) மாட்டினாலும் போதும், கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும்.

லூப் உண்டாக்கும் இணைப்பைக் கண்டு தானே அடைக்கும் ஸ்பானிங் ட்ரீயை அணைக்கவே அணைக்காதீர்கள். "போர்ட் எழ நேரமாகிறது" என்று அணைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதன் பழைய தரமான 802.1டி-யில் 30 விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது உண்மைதான். அதற்குத்தான் 2001-லேயே ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ வந்துவிட்டதே! அதைப் போடுங்கள். ரூட், அதாவது ட்ரீயின் தலைமை ஸ்விட்ச், யார் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். குறைந்த எண்ணே வெல்லும்: நடுவிலிருக்கும் கோர் ஸ்விட்ச்சுக்கு பிரையாரிட்டி 4096, அதற்கு மாற்றாக நிற்பதற்கு 8192. விட்டுவிட்டால் எல்லாம் 32768-ல் நிற்கும். அப்போது குறைந்த மேக் முகவரி (வன்பொருள் முகவரி) உள்ளதுதான் ரூட். அது மாடிப்படி அலமாரியில் கிடக்கும் பழைய ஸ்விட்ச்சாகவும் இருக்கலாம்.

நான் பார்த்தவரை சர்வர் அறையில் லூப் உண்டாவது அபூர்வம். ஐபி போனின் பின்னால் இரண்டு போர்ட் இருக்கும்: ஒன்று சுவருக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. மேஜையை நகர்த்தியவர் வயர் தொங்குகிறதே என்று இரண்டையும் சுவரிலேயே செருகிவிடுவார். அவர்மேல் தப்பில்லை, தடுத்திருக்க வேண்டியது ஸ்விட்ச். ஆகவே ஆட்கள் பக்கம் போகும் ஒவ்வொரு போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டை எழுப்புவது), கூடவே பிபிடியு கார்ட் என்ற காவல். பிபிடியு என்பது ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்ச்சுகள் அனுப்பும் செய்தி; அது வந்த கணமே போர்ட் எர்-டிசேபிள் ஆகிவிடும், அதாவது மூடிக்கொள்ளும். தானாக மீளும் வசதியை வைத்தால், சிஸ்கோவில் வழக்கமான இடைவெளி 300 விநாடி. வயர் அப்படியே இருந்தால் மறுபடி மூடிக்கொள்ளும், கவலையில்லை.

விலை மலிவான ஐந்து போர்ட் ஸ்விட்ச்சுகளில் சில பிபிடியுவை விழுங்கிவிடும். அங்கே பிபிடியு கார்டுக்குக் கண் தெரியாது. அதற்காக ஸ்டார்ம் கண்ட்ரோல்: பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் ஃபிரேம்கள்) போர்ட் வேகத்தில் 1 சதவீதத்தைத் தாண்டினால் போர்ட்டை மூடச் சொல்லுங்கள். லூப் டிடெக்ஷன் இருந்தால் அதையும் இயக்குங்கள். ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் இரண்டு கேபிள் இழுத்தால் எல்ஏசிபி போட்டு இரண்டையும் ஒரே இணைப்பாக்குங்கள்.

எல்லாம் போட்டபின் ஆட்கள் கிளம்பிய நேரத்தில் சோதியுங்கள். கன்சோல் கேபிளைச் செருகிக்கொள்ளுங்கள், லூப் கிளம்பினால் நெட்வொர்க் வழியாக நுழையும் எஸ்எஸ்ஹெச் கை கொடுக்காது. ஒரு பேட்ச் கார்டால் ஒரே விலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த ஒரே நெட்வொர்க்கில்) உள்ள இரண்டு போர்ட்டை இணையுங்கள். சில விநாடிக்குள் எர்-டிசேபிள் என்று லாக் வர வேண்டும். வராவிட்டால் உடனே பேட்ச் கார்டைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு போர்ட்டின் கான்ஃபிகை வரிக்கு வரி பாருங்கள்.