மாணவர்களே நடத்தும் அறிவியல் புனைவு மாநாடு: முதல்முறை இறங்குபவர்களுக்கு

மாநாடு என்றதும் மேடையும் மாலையும் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். ரசிகர்கள் ‘கான்’ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த மாநாட்டில் பேசுபவரும் கேட்பவரும் ஒரே கூட்டம்தான். ஆள் வருமா என்ற பயமும் வேண்டாம். 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இப்படியொரு மாநாட்டுக்குக் கூடியவர்கள் ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடுவார்கள். 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கே சுமார் 200 பேர்தான் வந்தார்கள்.

படி 1: அறையும் தேதியும்

முதலில் தேர்வு அட்டவணையைப் பாருங்கள், அப்புறம் தேதி குறியுங்கள். கல்லூரியில் பதிவு செய்த மன்றமாக இருந்தால் பெரும்பாலும் அறை இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ கிடைக்கும். வெளியாட்கள் நடத்தும் மாநாடுகளுக்கு இல்லாத வசதி இது. பேச்சுக்கு ஒரு பெரிய அறை, பலகை விளையாட்டுகளுக்கு ஒன்று, சத்தம் தாங்காதவர்கள் போய் உட்கார ஒன்று என மூன்று போதும்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் முதல் முயற்சியில் வாய்வார்த்தையை நம்பினோம். காலை எட்டு மணிக்குப் போனால் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல்முறை ஒரே நாள் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர்களின் பிகோகான் ஒரு நாள் மாநாடாகவே பெயர் வாங்கியது.

படி 2: சிறப்பு விருந்தினர்

ஆறு மாதம் முன்பே எழுதுங்கள். பயணம், தங்குமிடம், சாப்பாடு இவற்றில் எதை நீங்கள் ஏற்பீர்கள், பதிலுக்கு அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் (ஒரு உரை, ஒரு கலந்துரையாடல், அரை மணி நேரம் கையெழுத்து) எல்லாம் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். பெரிய எழுத்தாளர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். உங்கள் வானியல் பேராசிரியரைக் கூப்பிட்டு, கதைகளில் வரும் விண்கலங்களைப் பிரித்து மேயச் சொல்லுங்கள், அறை நிரம்பும்.

படி 3: நிகழ்ச்சி நிரல்

உண்மையான வேலை இங்கேதான். ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: மேலே அறைகள், பக்கவாட்டில் நேரம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 50 நிமிடம், அடுத்ததற்கு நடந்துபோக 10 நிமிடம். விருந்தினர் பேசும் நேரத்தில் வேறு பெரிய நிகழ்ச்சி கூடாது. சாப்பாட்டு இடைவேளையைச் சுருக்கவே கூடாது. பசித்த ரசிகர் திரும்பி வரமாட்டார்.

கலந்துரையாடலுக்கு நான்கு பேர், அவர்களில் ஒருவர் நெறியாளர். பேசுவதை நிறுத்தத் தெரிந்தவரை நெறியாளராக்குங்கள். தலைப்பைக் கேள்வியாக வைத்தால் பேச்சு சூடுபிடிக்கும். ‘ரோபோக்களின் எதிர்காலம்’ என்றால் தூக்கம் வரும். ‘ரோபோ பொய் சொன்னால் தண்டனை யாருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள், கடைசி வரிசையிலிருந்தும் கை உயரும்.

படி 4: வேடமும் விதிகளும்

வேடமிட்டு வருவது 1939 மாநாட்டிலேயே தொடங்கிவிட்டது. ஃபாரஸ்ட் அக்கர்மன், மிர்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்தார்கள். இன்று காஸ்பிளே (கதாபாத்திரங்களின் வேடமிடுதல்) இல்லாத கான் அபூர்வம், அதனால் விதிகளை நுழைவாயிலிலேயே ஒட்டிவிடுங்கள். கேட்காமல் படம் எடுக்கக்கூடாது, தொடக்கூடாது. கூரான வாள், எதையாவது சுடும் துப்பாக்கி உள்ளே வரக்கூடாது. யாரிடம் புகார் சொல்லலாம் என்று இரண்டு பேரின் பெயரும் அங்கேயே தெரியட்டும்.

படி 5: பணமும் ஆட்களும்

எதிர்பார்க்கும் நுழைவுச்சீட்டில் பாதிதான் விற்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தொண்டர்களுக்குப் பழைய ரசிகர்கள் சொல்லும் 5-2-1 விதி பொருந்தும்: நாளுக்கு குறைந்தது 5 மணி நேரத் தூக்கம், 2 வேளை சாப்பாடு, 1 குளியல். சிரிக்காதீர்கள், மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

படி 6: அடுத்த ஆண்டுக்கான கோப்பு

மாணவர் மாநாடுகள் பெரும்பாலும் ஆர்வம் குறைந்து நிற்பதில்லை, விஷயம் தெரிந்தவர்கள் படிப்பு முடித்துப் போய்விடுவதால் நிற்கின்றன. அதனால் பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு ஜூனியரை நிறுத்துங்கள். கடிதங்கள், கணக்கு, நிரல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில், மன்றத்தின் பொதுக் கணக்கில் சேமியுங்கள். முதல் பக்கத்தில் முதல் வரியாக, அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று எழுதிவிடுங்கள்.