மேடைப் பேச்சை அலசவும் வாதம் எழுதவும் கற்பிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியல் பேச்சை அலசக் கற்பிக்கும் வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது பெயர்சூட்டல்தான். மாணவர் கையில் ஒரு பேச்சின் அச்சுப்படி, கூடவே அணிகளின் பட்டியல். உவமை எங்கே, அடுக்குமொழி எங்கே, முரண் எங்கே என்று கோடிட்டு ஓரத்தில் பெயர் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அதே மாணவரிடம் ஒரு வாதக் கட்டுரை எழுதச் சொன்னால், பட்டியலில் உள்ள அணிகளையெல்லாம் வாரி இறைத்துக் கொண்டுவந்து தருவார். இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். இந்த வரி, இந்தக் கூட்டத்திடம், இந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்க அவரைப் பழக்கவில்லை.

1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்கில் ஆபிரகாம் லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள். ஒரே பாடவேளையில் முழுதாக வாசித்து அலசிவிடலாம் என்பதால் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல பேச்சு கிடைப்பது அரிது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கக் கூடிய கூட்டம் அது. அந்தக் கூட்டத்திடமே, இந்த மண்ணை நம்மால் அர்ப்பணிக்க முடியாது, புனிதமாக்க முடியாது என்று மூன்று முறை அடுக்கி மறுக்கிறார். மாணவர்கள் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: “லிங்கன் அடுக்குமொழியைக் கையாண்டு கேட்பவர்களைக் கவர்கிறார்.” இந்த வாக்கியத்தை உலகின் எந்தப் பேச்சுக்கும் ஒட்டலாம். அதனால்தான் இது அலசல் ஆகாது.

அலசல் என்றால் இப்படி: “எதற்காகக் கூடினார்களோ அதையே நம்மால் செய்ய முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்வதால், பிறகு நாம் என்னதான் செய்வது என்ற கேள்வி கூட்டத்துக்குள் எழுகிறது. போர் இன்னும் முடியாத வேளையில், மாண்டவர்கள் பாதியில் விட்டுச்சென்ற வேலைக்கு உயிரோடிருப்பவர்கள் தங்களையே அர்ப்பணிக்க வேண்டும் என்ற அழைப்பு அதற்கு விடையாக வருகிறது.” மண்ணுக்குச் செய்ய வந்த அர்ப்பணிப்பு மனிதர்களின் பக்கம் திரும்பிவிட்டதை இங்கே மாணவர் கண்டுபிடித்திருக்கிறார். அணியின் பெயர் ஒன்றுகூட வரவில்லை, தேவையும் படவில்லை.

இதற்குப் பழக்க ஒரு எளிய சோதனை உண்டு. முக்கியம் என்று மாணவர் சொல்லும் வரியை அடித்துவிட்டு, முன்பின் வரிகளைச் சேர்த்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எது குறைந்தது? மூன்று மறுப்புக்குப் பதில் ஒன்றை மட்டும் வைத்தால் என்ன ஆகிறது? இதற்கு வரும் பதிலை எழுதினால் அதுவே அலசல். முதல் சில வகுப்புகளில் அணிப்பெயர்களைச் சொல்லாமலே நடத்துவது நல்லது. வேலை புரிந்த பிறகு பெயரைக் கொடுத்தால் அது மனதில் நிற்கும்.

அடுத்த தவறு, புகழ்பெற்ற துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கற்பிப்பது. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஆற்றிய உரை என்றால் ‘கனவு’ மட்டும்தான் பாடமாகிறது. எழுதி வைத்திருந்த உரையில் அந்தப் பகுதியே இல்லை, பேசும்போது சேர்ந்துகொண்டது. உரையின் வாதம் முதல் பாதியில் இருக்கிறது. அரசியல் சாசனம் எழுதியவர்கள் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். கறுப்பின மக்களுக்குக் கிடைத்ததோ பணமில்லை என்று திரும்பிவந்த காசோலை. அதை மாற்றிக்கொள்ளத்தான் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார். இந்த உருவகம் கோரிக்கையின் தன்மையையே மாற்றுகிறது. கோரிக்கை வைப்பவர் கடன்பட்டவரிடம் பாக்கியைக் கேட்கிறார், சலுகை கேட்கவில்லை. அந்தப் பேரணியின் பெயரிலேயே சுதந்திரத்தோடு வேலைவாய்ப்பும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால், பணத்தைச் சுற்றிய உருவகம் ஏன் அந்த இடத்துக்குப் பொருந்தியது என்பதும் விளங்கும். கனவுப் பகுதியை மட்டும் படித்த மாணவர் இதை இனிமையான ஆசைப் பேச்சு என்றே நினைத்துக்கொள்வார். அது பெரிய இழப்பு.

ஆகவே பேச்சைக் கொடுக்கும் முன் நான்கு விவரங்களை ஒரு அரைப்பக்கத்தில் கொடுங்கள்: யார் பேசுகிறார், எதிரில் இருப்பது யார், அந்த வாரத்தில் என்ன நடந்திருந்தது, பேச்சு முடிந்ததும் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வரலாற்று வகுப்பாகிவிடும்.

கேட்பவரை இணங்கவைக்க அரிஸ்டாட்டில் பிரித்த மூன்று வழிகளை, அதாவது பேசுபவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்வு, தர்க்கம் ஆகியவற்றை, மூன்று கட்டங்களாக்கி வரிகளைப் பங்குபோடச் சொல்வதும் பரவலாக இருக்கிறது. எண் வந்தால் தர்க்கம், குழந்தை வந்தால் உணர்வு என்று மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள். ஆனால் இறந்தவர்களின் எண்ணிக்கை தர்க்கத்தையும் உணர்வையும் ஒருசேரத் தொடும். ‘நானும் ஒரு விவசாயியின் பிள்ளை’ என்பது நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டே உணர்வையும் தூண்டும். கட்டங்களை விட்டுவிட்டு, ஒரே வரியில் மூன்றும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று கேளுங்கள்.

வகுப்பையே கெடுக்கக்கூடிய தவறு இன்னொன்று. ஒரு பேச்சு பலித்ததா, அதில் சொன்னது உண்மையா, சொன்ன விதம் நேர்மையானதா என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் குழப்புவது. பிடித்த தலைவரின் பேச்சில் எல்லாம் சிறப்பு, பிடிக்காதவர் பேசினால் எல்லாம் பசப்பு என்று மாணவர்கள் எழுதுவது இதனால்தான். மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி எழுதச் சொல்லுங்கள். பொய்யைச் சொல்லியும் ஒரு பேச்சு கூட்டத்தை அசைக்கலாம். உண்மையைச் சொல்லியும் தோற்கலாம். இதை ஏற்றுக்கொள்ள மாணவர்களுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவசரப்படுத்த வேண்டாம். இன்றைய தேர்தல் பேச்சுகளை முதலில் எடுக்காமல், சூடு ஆறிய பழைய பேச்சுகளில் பழக்கிவிட்டு, பிறகு ஒரே விவகாரத்தில் எதிரெதிர் அணியினர் பேசிய இரண்டைப் பெயர்களை மறைத்துக் கொடுங்கள். ஆசிரியரின் சாய்வு எந்தப் பக்கம் என்று மாணவர்கள் பேச்சுத் தேர்விலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் அலசலுக்குப் பதில் ஆசிரியருக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்.

கருத்தை விட்டு ஆளைத் தாக்குவது போன்ற வாதப் பிழைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. எதிராளியின் பேச்சில் மட்டும் பிழை தேடும் பழக்கம் வந்துவிடும். கண்டுபிடித்த பிழையை அடித்துவிட்டு, அதே வாதத்தைச் சரியாக எப்படிச் சொல்லியிருக்கலாம் என்றும் எழுதச் சொன்னால் அது ஓரளவு சரியாகும்.

இனி எழுத்து. வாதக் கட்டுரைகள் தோற்கும் முதல் இடம் தலைப்பு. ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்றால் மறுப்பவர் யார்? மறுக்க ஆளில்லாத இடத்தில் வாதத்துக்கு வேலையில்லை. யார், எதை, எப்போதிலிருந்து செய்ய வேண்டும் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். ‘அடுத்த பருவத்திலிருந்து பள்ளி நூலகத்தை மாலை ஆறு மணி வரை தலைமையாசிரியர் திறந்துவைக்க வேண்டும்’ என்றால் உடனே எதிர்ப்பு வரும்: யார் காவல் இருப்பது, பிள்ளைகள் வீடு திரும்புவது எப்படி, உண்மையிலேயே எத்தனை பேர் வருவார்கள்? அந்த எதிர்ப்புகள்தான் கட்டுரையின் பத்திகள்.

பிறகு அதே கோரிக்கையைத் தலைமையாசிரியருக்கு 150 சொல்லிலும் பெற்றோருக்கு 150 சொல்லிலும் எழுதச் சொல்லுங்கள். முதலாவதில் பணியாளர், பொறுப்பு, செலவு வர வேண்டும்; இரண்டாவதில் பாதுகாப்பும் படிப்பும். இரண்டும் ஒரே மாதிரி வந்தால், மாணவர் வாசகரை நினைக்காமல் எழுதியிருக்கிறார். எத்தனை விளக்கம் கொடுத்தாலும் புரியாத ‘வாசகர்’ என்ற விஷயம் இந்த ஒரு பயிற்சியில் பிடிபடும்.

எதிர்த்தரப்பைக் கடைசிப் பத்தியில், ‘சிலர் வேறு விதமாகச் சொல்லலாம், ஆனால் அது தவறு’ என்று முடித்துவிடுவது அடுத்த பலவீனம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியபோது, பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மீண்டுவந்த மகிழ்ச்சி நாடெங்கும் இருந்தது. அவரோ, பின்வாங்கிப் போரை வெல்ல முடியாது என்றார். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்தது மாபெரும் ராணுவப் பேரழிவு என்று தானே ஒப்புக்கொண்டார். பாதகமானதை முதலில் தானே சொல்லிவிட்டதால்தான், இறுதியில் ‘போரிடுவோம்’ என்று அடுக்கியது வெற்று வீரமாகப் படவில்லை. மாணவருக்கான பயிற்சி: எதிர்த்தரப்பை மூன்று வாக்கியத்தில் எழுதி, அந்தக் கருத்துடைய சக மாணவரிடம் காட்ட வேண்டும். ‘ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்’ என்று அவர் சொன்ன பிறகே பதில் எழுதலாம். அந்தப் பதில் கட்டுரையில் எங்கே வர வேண்டும்? வாசகருக்கு அந்தச் சந்தேகம் எழும் இடத்தில்.

அலங்காரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வரைவு வெறும் உரைநடையாக இருக்கட்டும். இரண்டாம் வரைவில் ஒரே ஒரு இடத்தில் அடுக்கோ வினாவோ சேர்த்து, அது ஏன் அந்த இடத்தில் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுத வராவிட்டால் எடுத்துவிடலாம்.

திருத்தும்போது முதல் வரைவிலேயே எழுத்துப்பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டால், மாணவர் அவற்றை மட்டும் சரிசெய்துவிட்டு அதே பலவீனமான வாதத்தைத் திரும்பக் கொடுப்பார். முதல் வரைவில் கோரிக்கையும் வாசகரும் தெளிவாக இருக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள். இரண்டாவதில் சான்றுகளும் எதிர்வாதமும். சந்தியும் ஒற்றும் மூன்றாவதில். அதற்குள் பிழையிருந்த வாக்கியங்களில் பல தாமாகவே அடிபட்டுப் போயிருக்கும்.