இங்கிலாந்து கிராமத்தில் குடியேறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாத மதியத்தில் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற குன்றுப் பகுதிக்குப் போனால் அங்கேயே தங்கிவிடத் தோன்றும். அங்கே பைபரி கிராமத்தில் உள்ள ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை 14-ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, பிறகு நெசவாளர் வீடுகளாக மாறியது. தேன் நிறக் கல், செங்குத்தான கூரை, எதிரே ஓடை. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு மதியத்தை நம்பி வீடு வாங்காதீர்கள். டிசம்பரில் ஒரு வார நாள் மாலை போய்ப் பாருங்கள். நாலு மணிக்கே இருட்டிவிடும். பல ஊர்களில் தெருவிளக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் இல்லை.

பெரிய தவறுகள் வீட்டுச் சுவரில்தான் நடக்கின்றன. பழைய கல் வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் திரும்ப விட்டுவிடும். ஈரம் தெரிகிறதே என்று அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உத்தர முனைகளை உளுத்துப்போக வைக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை, ஜன்னலை மாற்றுவதானாலும், அனுமதியின்றிச் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லி உங்களுக்கே நோட்டீஸ் வரலாம். வாங்கும் முன் பழைய அனுமதிக் கடிதங்களைக் கேளுங்கள். அப்புறம் செப்டிக் டேங்க்: அதன் கழிவுநீரை நேராக ஓடையில் விட 2020 முதல் தடை. எரிவாயுக் குழாய் வராத ஊரென்றால் வீட்டைச் சூடேற்றுவதற்கு எண்ணெய் வாங்கி நிரப்ப வேண்டியிருக்கும்.

குடிபோனதும் சேவல் கூவுகிறது, தேவாலய மணி அடிக்கிறது, வயலில் எரு நாறுகிறது என்று புகார் எழுதாதீர்கள். அதெல்லாம் உங்களுக்கு முன்பே அங்கே இருந்தவை. உங்கள் நிலத்தின் குறுக்கே பொது நடைபாதை போனால் அதை அடைக்கவும் முடியாது.

ஊர்க் கடையும் பப்பும் (ஊர் மதுக்கடை) எப்போதும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சாமானெல்லாம் நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்காதீர்கள். எத்தனையோ ஊர்க் கடைகளை ஊர்க்காரர்களே சம்பளமின்றி முறை போட்டு நடத்துகிறார்கள். பப்பை விற்கப் போனால், 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சமூகச் சொத்தாக முன்பே பதிவாகியிருந்தால்தான் ஊருக்குப் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். உங்கள் ஊரில் பதிந்திருக்கிறார்களா என்று பாரிஷ் கவுன்சிலில் (நம் ஊராட்சி மன்றம் போன்றது) கேளுங்கள். அவர்கள் கூட்டத்துக்கு யாரும் போய் உட்காரலாம். வீடு வாங்கும் முன்பேகூடப் போகலாம்.