அரிவாள் செல் நோயில் எலும்புத் தொற்று: ஸ்கேன் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்த நாளங்களை அடைக்கும் பரம்பரைக் கோளாறான அரிவாள் செல், நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. ஆயினும் கூடலூர், பந்தலூர்ப் பக்கமிருந்து வரும் குழந்தைகளின் படங்களைக் கதிரியக்கப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் படித்ததைப் போலவே, தவறாகப் படிக்கிறார்கள். இடது, வலது மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

மஜ்ஜை வெளுத்தாலே தொற்று என்று எழுதுவது

எம்.ஆர்.ஐ.யில் எலும்பு மஜ்ஜை நீர் கோத்து வெள்ளையாகத் தெரிவது தொற்றிலும் உண்டு. ரத்த ஓட்டம் அடைபட்டு மஜ்ஜை மடியும்போதும் உண்டு. எலும்புறைக்கு அடியில் தேங்கும் நீர், தசை வீக்கம், காய்ச்சல், சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) உயர்வு ஆகியவையும் இரண்டிலும் வரக்கூடியவையே. இந்த நோயாளிகளிடம் அடைப்பே தொற்றைவிடப் பல மடங்கு அதிகம்.

தொடை வலியுடன் வந்த ஒரு சிறுவனின் ஸ்கேன் சீட்டில் ‘கால் வலி, காய்ச்சல்’ என்று மட்டுமே இருந்தது. அரிவாள் செல் என்ற குறிப்பே இல்லை. அறிக்கை ‘ஆஸ்டியோமைலிடிஸ்’, அதாவது எலும்புத் தொற்று, என்று முடிந்தது. அன்றிரவே ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டார்கள். ஊசியால் நீர் எடுத்ததோ மூன்றாம் நாள். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. கிருமி இல்லாததால் வளரவில்லையா, மருந்து அதைக் கொன்றுவிட்டதா என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில், ஆறு வார மருந்தை நிறுத்தும் துணிவு யாருக்கும் வரவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு அவன் தாய் வார்டிலேயே கிடந்தார். அந்த ஒற்றைச் சொல் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

‘அடைப்பா தொற்றா என்று படத்தால் மட்டும் பிரிக்க இயலாது’ என்று எழுதி, நீர் எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் குறிப்பிடுங்கள். அல்ட்ராசவுண்டில் எலும்புறைக்கு அடியில் 4 மி.மீ. அளவோ அதற்கு மேலோ நீர் தெரிந்தால் தொற்றின் பக்கம் சாயலாம். அதுவும் ரத்தக் கட்டாக இருக்கக்கூடும் என்பதால் ஊசியே தீர்ப்புச் சொல்லும். குழந்தையின் நிலை சீராக இருந்தால், ரத்தக் கல்ச்சரையும் ஊசி மாதிரியையும் எடுத்த பிறகே மருந்தைத் தொடங்கச் சொல்லுங்கள். செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் ஆபத்து நிலை) அறிகுறி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. இந்த நோயாளிகளின் எலும்பைத் தாக்கும் பாக்டீரியாவான சால்மோனெல்லாவை எதிர்பார்க்கிறோம் என்று ஆய்வகத்துக்கும் தெரிவியுங்கள்.

டி1 வெண்மையை நம்புவது

கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் டி1 என்ற எம்.ஆர்.ஐ. வகைப் படத்தில் மஜ்ஜை ஒளிர்ந்தால் அடைப்புதான் என்ற விதி பின்னர் வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை.

எக்ஸ்ரே

முதல் பத்து நாள்களில் அதில் குறை எதுவும் தெரியாததால் தொற்று இல்லை என்று பொருளல்ல.

வீங்கிய விரல்கள்

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கை, கால் விரல்கள் பலவும் ஒருசேர வீங்கினால், முதலில் அடைப்பை நினையுங்கள்.

பட்டினியும் குளிரும்

மயக்க மருந்துக்காக வெறும் வயிற்றில் இருக்கும் குழந்தையை, டிரிப்பும் போர்வையும் இல்லாமல் எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்பாதீர்கள், நீரிழப்பும் குளிரும் புதிய அடைப்பையே உண்டாக்கக்கூடும்.