பிழை அறிக்கை சண்டையில் முடியாமலிருக்க

காணொளிகளின் கீழே ஓடும் வசன வரிகளைத் திருத்தும் ஒரு சிறிய கட்டற்ற மென்பொருளை (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) ஒன்பது ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதற்கு முன் அதே மென்பொருளின் பயனராக இருந்தேன். அப்போதைய பராமரிப்பாளரிடம் சூடாகவே பேசியிருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் புரிந்தது இதுதான்: பயனரின் திரை நிரலாளருக்குத் தெரிவதில்லை, நிரலாளரின் நேரம் பயனருக்குத் தெரிவதில்லை. சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒருநாள் இரவு எனக்கு ஓர் அறிக்கை வந்தது. தலைப்பு: "படு மோசம்". உள்ளே இரண்டே வரிகள்: "புதிய பதிப்பில் எதுவும் வேலை செய்யவில்லை. வெளியிடும் முன் ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா?" நான் பத்து முறைக்கு மேல் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியிட்டிருந்தேன். நீளமாக ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். காலையில் எழுந்து மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன்: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், நீங்கள் திறந்த கோப்பை இங்கே இணைக்க முடியுமா?

கோப்பு வந்தது. திறந்தால் முதல் வசனத்தைக் காணோம். கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் இருந்தன. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறியீட்டு முறையில் கோப்புகளைச் சேமிக்கும்போது சில எடிட்டர்கள் சேர்த்துவிடும் 'பாம்' குறி அது. முதல் வரியில் '1' என்ற வசன எண்ணை எதிர்பார்த்த என் நிரல், முன்னால் ஒட்டியிருந்த அந்தக் குறியால் எண்ணை அடையாளம் காணாமல் முதல் வசனத்தையே தாண்டிப் போயிருந்தது. அவரிடம் மென்பொருள் உடைந்திருந்தது, என்னிடம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் உண்மை.

அந்த அறிக்கையை அவர் இப்படி எழுதியிருந்தால் அன்று இரவே சரிசெய்திருப்பேன்:

"பதிப்பு 2.4, விண்டோஸ் 11. இணைத்திருக்கும் கோப்பைத் திறந்தால் முதல் வசனம் பட்டியலில் வரவில்லை, இரண்டாவதிலிருந்துதான் தொடங்குகிறது. 2.3இல் சரியாக வந்தது. நாளைக்குள் நாற்பது கோப்புகளை முடிக்க வேண்டும், அதனால் இப்போதைக்கு 2.3க்கே திரும்பிவிட்டேன்."

இதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். என்ன செய்தார், என்ன வர வேண்டும், என்ன வந்தது, எல்லாம் இருக்கிறது. "2.3இல் சரியாக வந்தது" என்பது தங்கமான வரி. எந்த மாற்றம் பிழையைக் கொண்டுவந்தது என்று தேட, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற கருவியில் 'பைசெக்ட்' என்ற கட்டளை உண்டு. அது ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போகும். நடுவில் ஆயிரம் கமிட்டுகள் (பதிவான மாற்றங்கள்) இருந்தாலும் சுமார் பத்துச் சோதனைகளில் அந்த மாற்றத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் எந்தப் பதிப்பு நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால்தான் தேடலையே தொடங்க முடியும். கடைசி வரியில் அவருடைய அவசரமும் வந்துவிட்டது. கோபம் இல்லாமலே அது எனக்கு உறைக்கும்.

எழுதுவதற்கு முன் அதே பிழையை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் "எனக்கும்தான்" என்று ஒரு வரி போடாதீர்கள். கவனித்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் அது தனித்தனி மின்னஞ்சலாகப் போகும். 2016 ஜனவரியில் பல பராமரிப்பாளர்கள் சேர்ந்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு எழுதிய திறந்த கடிதத்தில் இதுவும் ஒரு குறை. அந்த மார்ச்சிலேயே கட்டைவிரல் குறி வந்தது. அதை அழுத்தினால் போதும். புதிய விவரம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் ஒரு சொல்: 'தானே'. "ஒரு பட்டன்தானே", "பத்து வரி நிரல்தானே". இந்தச் சொல்லைப் பார்த்ததும் எதிரில் இருப்பவரின் மனம் மூடிக்கொள்ளும். என்ன பட்டன் வேண்டும் என்பதைவிட எந்த வேலையை முடிக்கப் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பட்டன் இல்லாமலே வழி இருக்கலாம்.

இனி நிரலாளர்களுக்கு. எம்ஐடி, ஜிபிஎல் இரண்டு உரிமங்களுமே மென்பொருளை உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல் தருவதாகச் சொல்கின்றன. சட்டப்படி சரி. ஆனால் "காசு கொடுத்தா வாங்கினீர்கள்?" என்று அதை எடுத்து வீசாதீர்கள். உங்கள் மென்பொருளைக் கற்றுக்கொள்ள அந்தப் பயனர் பல வாரங்களைச் செலவழித்திருக்கிறார். அவருடைய வேலை அதை நம்பி நிற்கிறது.

முடியாததை முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடுங்கள். இதில் நான் செய்த தவறு இன்னும் மனதை உறுத்துகிறது. எனக்கு விருப்பமில்லாத ஒரு வசதியை ஒருவர் கேட்டார். மறுக்கச் சங்கடப்பட்டு, "பேட்ச் அனுப்பினால் பார்க்கலாம்" என்றேன். மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து, சோதனைகளோடு எழுதி அனுப்பினார். நல்ல நிரல். ஆனாலும் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதன் பிறகு அதைப் பராமரிக்கப் போவது நான்தான். அவர் திரும்ப வரவே இல்லை. இப்போதெல்லாம் "இந்த மென்பொருள் வசனங்களைத் திருத்த மட்டும்தான், காணொளியை வெட்டும் வசதி இதில் வராது" என்று அறிமுகக் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் தர முடியும் என்பதையும் அதற்குக் கீழே போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு "ஏன் இன்னும் பதில் இல்லை?" என்ற கேள்விகள் வெகுவாகக் குறைந்தன.

பெரிய மாற்றம் செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும். 2008 ஜனவரியில் லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலான கேடிஈ 4.0 வந்தபோது, அது முன்கூட்டியே முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கானது என்று உருவாக்கியவர்கள் நினைத்தார்கள். பயனர்களோ 4.0 என்ற எண்ணைப் பார்த்து, முடிந்த மென்பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். 2011 ஏப்ரலில் அதைப் போன்ற இன்னொரு திரைச்சூழலான குனோம் 3 பழைய பேனலையும் மெனுவையும் மாற்றியபோது, குனோம் 2ஐ அப்படியே தொடர்வதற்காக மேட் என்ற தனித் திட்டமே பிறந்தது. பழக்கம் விரல்களில் இருக்கிறது. ஒரு குறுக்கு விசையை மாற்றினால்கூடப் பழையதை அமைப்புகளில் ஓராண்டாவது விட்டுவையுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்பதை வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியில் சொல்லுங்கள், கடைசியில் அல்ல.

நெருக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளைப் பல ஆண்டுகள் ஒருவரே சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டார். 2022இல் சில கணக்குகளிலிருந்து அவருக்கு அழுத்தம் வந்தது: வேலை மெதுவாக நடக்கிறது, வேறு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. மனநலச் சிரமங்கள் இருப்பதாக அவரே எழுதியும் அது நிற்கவில்லை. உதவிக்கு என்று வந்து பொறுப்பைப் பெற்ற கணக்கிலிருந்துதான் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு வழி) நுழைந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற நிரலாளர் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். நெருக்கிய கணக்குகளும் அந்தச் சதியில் பங்கு என்றே பலரும் கருதுகிறார்கள். களைத்திருக்கும் ஒருவரை நான்கு பேர் சேர்ந்து விரட்டுவதைப் பார்த்தால், பயனரான நீங்கள் இடையில் ஒரு வரி எழுதுங்கள்: "அவசரமில்லை, உங்களால் முடியும்போது பாருங்கள்." எனக்கு ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவர் அப்படி எழுதினார். அந்த வாரம் நான் மென்பொருளைக் கைவிடாததற்கு அவர்தான் காரணம்.

எல்லாம் செய்தும் ஒத்துப்போகவில்லையா? சரி, ஃபோர்க் செய்யுங்கள், அதாவது நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக நடத்துங்கள். உரிமம் அதற்கு இடம் தருகிறது, அதில் துரோகம் ஒன்றும் இல்லை. பழைய திட்டத்தின் பதிப்புரிமை வரிகளை அழிக்காமல் வையுங்கள். பராமரிப்பாளருக்கு ஒரு வரி தெரிவியுங்கள். பெயரையும் ஐகானையும் பிழை அறிக்கை முகவரியையும் முதல் கமிட்டிலேயே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பதிப்பில் வரும் பிழைகளைப் பற்றிப் பழைய ஆளிடம் கேட்பார்கள், அவருக்கு அதில் ஒன்றும் புரியாது.