பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள்: அரிய இனக் கோழிகளின் பிறவிக் கோளாறும் முட்டைக் கோளாறும்

கோழி வளர்க்க ஆரம்பித்த முதல் இரண்டு வருடமும் நான் செய்த பெரிய தவறு, 22-ஆம் நாள் பொரிக்காமல் கிடக்கும் முட்டைகளைக் கூமுட்டை என்று சொல்லி அப்படியே குழியில் கொட்டியதுதான். மூன்றாம் வருடம் வைத்த 24 முட்டையில் 11 மட்டும் பொரித்தது. அன்றைக்கு வந்த எரிச்சலில் மீதி 13 முட்டையையும் ஒரு தட்டில் உடைத்தேன். 3 முட்டையில் கருவே இல்லை. ஒன்றில் ரத்த வளையம், அதாவது ஆரம்பத்திலேயே கரு செத்ததன் அடையாளம். 2 குஞ்சுகள் ஓட்டைக் கொத்திவிட்டு வெளியே வர முடியாமல் செத்திருந்தன. பாக்கி 7 முட்டையிலும் மயிர் முளைத்து, ஏறக்குறைய முழுசாக வளர்ந்த குஞ்சுகள். ஏழுமே பொரிக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது உயிர் விட்டவை. ‘கூமுட்டை’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னிடம் இருப்பது அரௌகானா. நீல முட்டை இடும், வால் கிடையாது, காதருகே இரண்டு பக்கமும் மீசை முறுக்கியதுபோல ஒரு குஞ்சம் நிற்கும். அந்தக் குஞ்சத்துக்காகத்தான் ஆட்கள் ஆசைப்பட்டு வளர்க்கிறார்கள். குஞ்சுகளைக் கொல்வதும் அதே குஞ்சம்தான்.

காதுக்குஞ்சம் ஓங்கு பண்பு. அதாவது, தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு மரபணு வந்தாலே குஞ்சம் முளைத்துவிடும். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் குஞ்சு பிழைக்காது, பெரும்பாலும் 17 முதல் 19-ஆம் நாளுக்குள் முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குஞ்சமுள்ள சேவலைக் குஞ்சமுள்ள கோழியோடு விட்டால் நாலில் ஒரு பங்கு முட்டை இப்படிப் போகும். ஒற்றை மரபணு வாங்கிய குஞ்சுகளிலும் கொஞ்சம் முட்டைக்குள்ளேயே சாகும், சிலதுக்குக் காதுத்துளை கோணலாக அமையும். குஞ்சமில்லாத கோழியோடு சேர்த்தாலோ பாதிக் குஞ்சுக்குக் குஞ்சம் வரும், இரட்டை மரபணுவுக்கு வழியே இல்லை. இவ்வளவுதான் கணக்கு. இது தெரியாமல், குஞ்சமில்லாத பெட்டைகளை ‘தரம் குறைந்தது’ என்று இரண்டு வருடம் கழித்துக்கொண்டிருந்தேன். அவைதான் எனக்குத் தேவைப்பட்ட கோழிகள்.

வேறு இனம் வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான், பெயர் மட்டும் மாறும். ஸ்காட்ஸ் டம்பி, ஜப்பானிய பாண்டம் போன்ற குட்டைக்கால் இனங்களில் குட்டைக்கால் மரபணு இரட்டையானால் முதல் வாரத்திலேயே கரு சாகும். டார்ச் அடித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் ரத்த வளையம்தான் தெரியும். சுருட்டை இறகுக் கோழிகள் இரண்டைச் சேர்த்தால் குஞ்சு சாகாது, ஆனால் நாலில் ஒன்றுக்கு இறகு நொறுங்கி மொட்டையாகிவிடும். ரோஜாக் கொண்டை இனங்களில் சங்கதி இன்னும் மறைவானது. கொண்டை மரபணு இரட்டையாக உள்ள சேவலின் விந்துக்கு நீந்தும் வலு குறைவு. அதனால்தான் வியாண்டாட் வளர்ப்பவர்களில் விஷயம் தெரிந்தவர்கள், கூட்டத்தில் ஒற்றைக் கொண்டையோடு வரும் ஒன்றிரண்டு பறவைகளை விரட்டுவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதியும் கோழியின் கால் வளைய எண்ணும் எழுதுங்கள். எந்தக் கோழி இட்டது என்று தெரியாத முட்டையை அடை வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான். குஞ்சு கிடைக்கலாம், தகவல் கிடைக்காது. 7, 14, 18-ஆம் நாள்களில் டார்ச் அடித்துப் பார்த்து எழுதுங்கள். 22-ஆம் நாள் முடிந்ததும் மீதியை உடையுங்கள். நாற்றம் அடிக்கும், வெளியில் வைத்துச் செய்யுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கரு எத்தனையாவது நாளில் நின்றது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டியதில்லை, மூன்று கட்டமாகப் பிரித்தால் போதும். ரத்த நாளம் அல்லது கண் கரும்புள்ளியோடு நின்றது முதல் வாரம். உடம்பு இருக்கிறது, முட்டைக்குள் இன்னும் இடம் மிச்சமிருக்கிறது என்றால் நடுக் கட்டம். குஞ்சு முட்டையை நிரப்பிக்கொண்டு, மஞ்சள்கரு வயிற்றுக்குள் முழுசாகப் போகாமல் வெளியே தொங்கினால் கடைசிக் கட்டம்.

முதல் வாரச் சாவு கூடினால் முட்டை பழசாக இருந்திருக்கலாம், சேகரித்து வைத்த இடம் சூடாக இருந்திருக்கலாம், அல்லது நெருங்கிய ரத்த உறவில் ஜோடி சேர்த்திருப்பீர்கள். ஏழு நாளுக்கு மேல் வைத்த முட்டையை நான் அடை வைப்பதில்லை. நடுக் கட்டச் சாவைப் பார்த்தால் முதலில் தாய்க்கோழியின் தீவனத்தைச் சந்தேகப்படுங்கள். ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின் குறைந்தால் கரு அந்தக் கட்டத்தில்தான் தடுமாறும். சாதாரண முட்டைக்கோழித் தீவனம் முட்டை இடப் போதும், நல்ல குஞ்சு பொரிக்கப் பல நேரம் போதாது. அடை முட்டை சேர்க்கப் போகும் ஒரு மாதத்துக்கு முன்பே வைட்டமின் கூடிய இனப்பெருக்கத் தீவனத்துக்கு மாறிவிடுவேன். கடைசிக் கட்டச் சாவில்தான் என் குஞ்சம் போன்ற கொல்லி மரபணுக்களும், இன்குபேட்டரின் ஈரப்பதக் கோளாறும் ஒன்றாகக் கலந்து வரும். பிரித்துப் பார்க்க ஒரே வழி: அதே ஜோடியின் முட்டைகளில் பாதியை இன்குபேட்டரிலும் பாதியை அடைக்கோழிக்கு அடியிலும் வையுங்கள். இரண்டிலும் அதே கணக்கில் செத்தால் ஜோடியில்தான் கோளாறு. இன்குபேட்டரில் மட்டும் செத்தால் பழியைச் சேவல் மேல் போடாதீர்கள்.

கருவே இல்லாத முட்டை அதிகம் வந்தால் அது சேவல் விஷயம். அடை வைக்கும் முன்பு அரை டஜன் புது முட்டையை உடைத்து மஞ்சள்கருவின் மேல் இருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். ஒழுங்கான வட்ட வளையமாகத் தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. சின்னதாக, ஓரம் சீரில்லாத திட்டாக இருந்தால் இல்லை. என் கோழிகளுக்கு வால் எலும்பே கிடையாது. அதனால் எச்சத்துளையைச் சுற்றி இறகு பொதபொதவென்று மூடிக்கொள்ளும், சேவல் மிதித்தும் பயன் இருக்காது. சேவல், கோழி இரண்டுக்கும் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு விரல்கடை அளவுக்கு இறகைக் கத்தரித்துவிட வேண்டும். இதைச் செய்த முதல் முறையே வித்தியாசம் தெரிந்தது. ஐந்து நிமிட வேலை, ஆனால் சேவல் மூன்று நாள் என் பக்கமே திரும்பவில்லை.

சேவலை மாற்றும்போது அவசரப்படாதீர்கள். கோழியின் உடம்பில் விந்தைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் உண்டு, இரண்டு மூன்று வாரம்வரை அது உயிரோடு இருக்கும். பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் கழித்து இட்ட முட்டைகளைத்தான் புதுச் சேவலின் கணக்கில் எழுதலாம். இதில் நான் ஒருமுறை ஏமாந்து, ஒரு பருவத்துக் குஞ்சுகள் முழுவதையும் தப்பான தகப்பன் பெயரில் எழுதி வைத்திருந்தேன்.

இனி முக்கியமான இடம். அரிய இனத்தில் ‘கோளாறு கண்டால் கழித்துவிடு’ என்ற அறிவுரை பாதிதான் சரி. கோளாறோடு பிறந்ததைப் பெருக்கக் கூடாது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் அப்பா, அம்மா, உடன்பிறப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழித்தால் கையில் மிஞ்சுவது நாலு பறவை. அந்த நாலும் சொந்தமாக இருக்கும். ஒரு கோளாறை விரட்டிவிட்டு, மறைந்திருந்த வேறு மூன்றை வெளியே கொண்டுவருவீர்கள். ஒடுங்கு பண்பு என்பது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளியே தெரிவது; அதைச் சுமப்பதாலேயே ஒரு பறவை கெட்டதாகிவிடாது. சுமக்கும் இரண்டு ஒரே கூட்டில் சேராமல் பார்த்தால் போதும்.

சேவல்களின் எண்ணிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு சேவலும் பத்துக் கோழியும் இருந்தால் மொத்தம் 11 பறவை என்று தோன்றும். மரபுக் கணக்கில் அது ஏறக்குறைய 3.6 பறவைக்குத்தான் சமம். (நாலைச் சேவல் எண்ணிக்கையாலும் கோழி எண்ணிக்கையாலும் பெருக்கி, மொத்தத்தால் வகுத்தால் வருவது.) ஒவ்வொரு தலைமுறைக்கும் ரத்த நெருக்கம் சுமார் 14 சதவீதம் ஏறும். அதையே 3 சேவல், 9 கோழி என்று வைத்தால் கணக்கு 9 பறவை ஆகிறது, ஏற்றம் 6 சதவீதத்துக்குள் அடங்கும். கூடுதலாகத் தீனி போடுவது ஒரே ஒரு பறவைக்கு.

நான் மூன்று கூடாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பிறக்கும் பெட்டைகள் தாயின் கூட்டிலேயே தங்கும். சேவல் குஞ்சுகள் வளர்ந்ததும் அடுத்த கூட்டுக்குப் போகும்: முதலில் பிறந்தது இரண்டுக்கு, இரண்டில் பிறந்தது மூன்றுக்கு, மூன்றில் பிறந்தது முதலுக்கு. திசையை மட்டும் மாற்றவே கூடாது. கால் வளையத்துக்குக் கூட்டுக்கு ஒரு நிறம் வைத்துவிட்டால் குழப்பம் வராது.

சந்தேகப்படும் சேவலைச் சோதிக்கவும் வழி உண்டு. கோணல் அலகு எனக்கு ஒரு முறை வந்தது, மேல் அலகு ஒரு பக்கம், கீழ் அலகு ஒரு பக்கம். அடைக்காப்பின் சூட்டாலும் வரும், அடிபட்டாலும் வரும். ஆனால் ஒரே ஜோடிக்கு அடுத்தடுத்து இரண்டு அடையில் வந்ததால் கவனித்தேன். அப்படிப்பட்ட ஒடுங்கு பண்பை ஒரு சேவல் சுமக்கிறதா என்று அறிய, அந்தக் கோளாறைச் சுமப்பதாக நிச்சயமாகத் தெரிந்த கோழியோடு விட்டு 11 குஞ்சு எடுங்கள். பதினொன்றும் நன்றாக இருந்தால் சேவல் சுத்தம் என்று 95 சதவீதத்துக்கு மேல் நம்பலாம். கோளாறே வெளியில் தெரியும் கோழியானால் 5 குஞ்சு போதும். ஒரே மரபணுவின் வேலை என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். கோணல் அலகு எப்போதும் அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை.

மரபு என்று அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாதவையும் நிறைய. விரல்கள் உள்பக்கம் சுருண்டு குஞ்சு கணுவில் நடந்தால் முதலில் பி2 வைட்டமின் கொடுத்துப் பாருங்கள். கால் இரண்டு பக்கமும் விரிந்தால் தரை வழுக்கலா என்று பாருங்கள். முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும் நோய்களும் உண்டு. புல்லோரம், மைகோபிளாஸ்மா, லிம்பாய்டு லூகோசிஸ் மூன்றும் அப்படித்தான். குடும்பம் குடும்பமாக வருவதால் பரம்பரை மாதிரியே தெரியும். கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்யாமல் இதைக் கண்ணால் பிரிக்க முடியாது.

அப்புறம், கோழியின் கருப்பாதைக் கோளாறுகள். இடது பக்கக் கருவகமும் கருக்குழாயும் மட்டும்தான் கோழிக்கு வேலை செய்யும், மாற்று ஏற்பாடு கிடையாது. முட்டை அடைத்துக்கொண்ட கோழி வாலைத் தொங்கவிட்டு நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கோழிகளுக்குத் தொங்கவிட வால் எங்கே இருக்கிறது? நான் பார்ப்பது நடையை. உடம்பை நிமிர்த்திக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து, முட்டைப்பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் இடுப்பு மூழ்க 20 நிமிடம் வைத்து, இருட்டான சூடான இடத்தில் விடுங்கள். அமுக்கி உடைக்க முயலாதீர்கள், ஓட்டுச் சில் குத்தினால் உள்ளே சீழ் பிடிக்கும். சில மணி நேரத்தில் வெளியே வராவிட்டால் மருத்துவர்தான்.

தோல் முட்டை தொடர்ந்து வந்தால் சுண்ணாம்புச் சத்தைப் பாருங்கள். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி தானாகத் தின்னும். தீவனத்தில் கலந்து எல்லோருக்கும் போட்டால் வளரும் குஞ்சுகளின் சிறுநீரகம் கெடும். கருக்குழாய் வெளியே தள்ளிய கோழியை உடனே தனியாகப் பிரியுங்கள், மற்ற கோழிகள் சிவப்பைக் கண்டால் கொத்திக் கொன்றுவிடும். சுத்தமான நீரில் கழுவி, சர்க்கரையைக் குழைத்துத் தடவினால் வீக்கம் வடியும், பிறகு மெல்ல உள்ளே தள்ளலாம். இரண்டாம் முறையும் தள்ளினால் அந்தக் கோழியின் முட்டை அடைக்குப் போகாது, அது என் கூட்டின் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. முடிந்தவரை இரண்டு வயது தாண்டிய கோழிகளின் முட்டையைத்தான் அடை வைக்கிறேன். கருக்குழாய் அழற்சி, வயிற்றுக்குள் மஞ்சள்கரு கொட்டிச் சீழ் பிடிப்பது, கருவகக் கட்டி எல்லாம் பெரும்பாலும் வயது ஏறிய பிறகுதான் தலைகாட்டும். விடைக்கோழியிடம் முட்டை எடுத்துப் பெருக்கினால், அதற்கு இந்த வியாதி வருமா என்று தெரியும் முன்பே அதன் பேத்திகள் கூட்டில் நிற்கும். மூன்று வயதிலும் ஓடு கெட்டியாக முட்டையிடும் கோழி, குஞ்சம் இல்லாவிட்டாலும் எனக்கு ராணிதான். செத்த பறவையை முடிந்தபோதெல்லாம் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவை அதே நோட்டில் ஒட்டிவிடுவேன்.

குஞ்சுகளைப் பிறருக்குக் கொடுக்கும்போது கோளாறு விவரத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கீரிப்பிள்ளை இரண்டாம் கூட்டின் சேவல்கள் இரண்டையும் ஒரே இரவில் தீர்த்துவிட்டது. அந்த வரிசையில் என்னிடம் வேறு ஆண் இல்லை. நோட்டைப் புரட்டியபோது, அதே வரிசையில் ஒரு சேவலை ஒரு நண்பருக்குக் கொடுத்த தேதியும், ‘குஞ்சம் உண்டு, குஞ்சமில்லாத கோழியோடு மட்டும் சேர்க்கவும்’ என்ற குறிப்பும் இருந்தன. அவர் அப்படியே சேர்த்திருக்கிறார். பேரன் சேவல் ஒன்று ஒரு மாதம் தனிக்கூட்டில் இருந்துவிட்டு இரண்டாம் கூட்டுக்கு வந்தது. கொம்பன் என்று பெயர் வைத்திருக்கிறேன். போன அடையில் 24-க்கு 19.