எம்.பி.யின் வாக்கையும் தேர்தல் பணத்தையும் தேடிப் பார்ப்பது எப்படி

டெல்டா மாவட்டங்களில் வசிக்கும் வாக்காளர் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டியது, தம் ஊர் எந்த மக்களவைத் தொகுதியில் இருக்கிறது என்பதைத்தான். இங்கே மாவட்ட எல்லையும் தொகுதி எல்லையும் ஒத்துப்போவதில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தின் கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் ஆகிய மூன்றும் மயிலாடுதுறைத் தொகுதியைச் சேர்ந்தவை; திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடி தஞ்சாவூர்த் தொகுதியில் இருக்க, திருவாரூர் நகரமோ நாகப்பட்டினம் தொகுதியில் இருக்கிறது. இதைச் சரிபார்க்காமல் புறப்பட்டால், பிற்பாடு செலவுக் கணக்கைக் கேட்டுத் தவறான கலெக்டர் ஆபீஸில் போய் நிற்க நேரும்.

வாக்களிப்பைத் தேடுவதற்கு முன், மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆதரிப்போர் ஒருமுறையும் எதிர்ப்போர் ஒருமுறையும் குரல் கொடுப்பார்கள். எது ஓங்கி ஒலித்தது என்பதைச் சபாநாயகர் முடிவு செய்வார். யார் எந்தப் பக்கம் என்பது எங்கும் எழுதப்படாது. அந்த முடிவை உறுப்பினர் ஒருவர் மறுத்து 'டிவிஷன்' கேட்டால்தான் மணி ஒலித்து, மூன்றரை நிமிடங்களுக்குப் பின் மீண்டும் கேள்வி வைக்கப்பட்டு, பெயர்வாரியான வாக்கெடுப்பு நடக்கும். டிவிஷன் தேவையின்றிக் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை அவரவர் இடத்தில் எழுந்து நிற்கச் சொல்லித் தலையெண்ணிவிடலாம் என்றும் மக்களவை நடைமுறை விதிகளின் 367ஆம் விதி சொல்கிறது. அப்போதும் பெயர்கள் பதிவாகா.

ஆகவே, நெல் விளைவிக்கும் நம் பகுதியில் பலரும் முதலில் கேட்கக்கூடிய, வேளாண் சட்டங்களுக்கு நம் எம்.பி. எப்படி வாக்களித்தார் என்ற கேள்விக்கே நேரான விடை கிடைக்காது. மூன்று வேளாண் சட்டங்களில் இரண்டுக்கான மசோதாக்கள் 2020 செப்டம்பர் 17 அன்று மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. மூன்று நாள் கழித்து மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் அது நடக்கவில்லை. அச்சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் 2021 நவம்பர் 29 அன்று இரு அவைகளிலும் அதே முறையில்தான் நிறைவேறியது. இவற்றுக்கு எம்.பி. இப்படி வாக்களித்தார் என்று எவரேனும் பட்டியல் போட்டுப் பரப்பினால், அது கட்சியின் நிலைப்பாட்டை வைத்து எழுதப்பட்ட ஊகம் என்றே கொள்ள வேண்டும்.

பெயர்ப் பட்டியல் கிடைக்கும் இடங்களும் உண்டு. அரசியலமைப்புத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் டிவிஷன் தவிர்க்க இயலாதது. மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 2023 செப்டம்பர் 20 அன்று 454-க்கு 2 என்ற கணக்கில் மக்களவையில் நிறைவேறியது அப்படித்தான். சாதாரண மசோதாவானாலும் எதிர்க்கட்சிகள் வற்புறுத்தினால் நடக்கும். வக்ஃப் திருத்த மசோதாவுக்கு 2025 ஏப்ரலில் ஆதரவாக 288 வாக்குகளும் எதிராக 232 வாக்குகளும் பதிவாயின. சன்சத் டாட் இன் (sansad.in) என்ற நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மக்களவை விவாதங்கள் என்ற பகுதிக்குச் சென்று, வாக்கெடுப்பு நடந்த தேதியின் முழுப் பதிவைத் திறந்தால், ஆதரவு, எதிர்ப்பு என்ற தலைப்புகளின் கீழ்ப் பெயர்கள் இருக்கும். அவையில் உடனே அறிவிக்கப்படும் எண்ணிக்கை 'திருத்தத்துக்கு உட்பட்டது'. பொத்தான் சரியாகப் பதியாமல் சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களின் வாக்குகள் பிறகு சேர்க்கப்படுகின்றன. உங்கள் எம்.பி.யின் பெயர் பட்டியலில் இல்லை என்றால், அப்படிச் சேர்க்கப்பட்டவர்களைக் காட்டும் அடிக்குறிப்பையும் பார்த்துவிட்டுப் பேசுவதே நியாயம்.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டெடுத்த வாக்கும் பெரும்பாலும் கட்சியின் வாக்குதான். 1985-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), இப்படி வாக்களியுங்கள் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே பறிபோகலாம். தனிமனிதராக ஓர் உறுப்பினர் என்ன செய்தார் என்பதை அறிய, கேள்விகளும், அவையின் கவனத்துக்குப் பிரச்சினைகளைக் கொண்டுவரும் விதி 377-இன் கீழ் எழுப்பிய விஷயங்களும், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரப் பேச்சுகளுமே எனக்கு அதிகம் நம்பத்தக்கவையாகத் தெரிகின்றன. கொள்முதல் நெல்லின் ஈரப்பதம் பற்றியோ மேகதாது பற்றியோ எத்தனை முறை, எந்தச் சொற்களில் கேட்டார் என்பது அதே தளத்தில் பெயர்வாரியாகக் கிடைக்கும். நாடாளுமன்றச் செயல்பாட்டை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் தளம் வருகைப்பதிவையும் சேர்த்துத் தருகிறது. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை என்பதால் அவர்களுக்கு அந்த எண்ணிக்கை இராது.

இனிப் பணம். வேட்புமனுவோடு தாக்கலாகும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் ஆகியவை இருக்கும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எளிதாகக் கிடைப்பதால் பலரும் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். தேர்தலுக்கு யார் பணம் கொடுத்தார் என்பது அதில் இல்லை.

அதற்குச் செலவுக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, வேட்புமனு தாக்கலான நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரையிலான செலவை, முடிவு வந்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், ஒவ்வொரு வேட்பாளரும் ஒப்படைக்க வேண்டும். 2024 தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். தேர்தல் நடத்தை விதிகளின் 88ஆம் விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் இதைப் பார்வையிடலாம்; தனிக் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகலும் பெறலாம். தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலர் இருந்த கலெக்டர் ஆபீஸின் தேர்தல் பிரிவில், வேட்பாளர் பெயர், தொகுதி, தேர்தல் ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள்.

வேட்பாளரின் செலவுப் பதிவேட்டில் வெள்ளைப் பக்கங்கள் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக் கணக்குக்கு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான், பந்தலுக்கும் வாடகைக் காருக்கும் கொடுத்த தொகை எந்த வழியில் வந்தது என்பது விளங்கும். சுருக்க அறிக்கையில் சொந்தப் பணம், கட்சி தந்தது, பிறர் தந்த கடனும் நன்கொடையும் எனத் தனித்தனியே காட்டியிருப்பார்கள். முதலில் அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள். செலவினப் பார்வையாளரின் குழு தனியாக எழுதும் நிழல் பதிவேட்டின் தொகைக்கும் வேட்பாளர் காட்டிய தொகைக்கும் உள்ள வேறுபாடு எதுவென்றும் கேட்கலாம். வாக்காளருக்குக் கைமாறும் பணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. 2016-இல் தஞ்சாவூர்ச் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் அதன் காரணமாகவே ரத்தாகி, நவம்பரில் மீண்டும் நடந்தது.

வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை. பிரசாரத்துக்கெனக் கட்சி அறிவிக்கும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் சேராது. எனவே கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தரும் செலவு அறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலுக்கான தி.மு.க.வின் அறிக்கையில், கூட்டணியில் இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாயும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் வழங்கியதாகக் காட்டப்பட்டிருந்தது. அந்தத் தேர்தலில் நாகப்பட்டினத்தில் நின்றது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. அத்தகைய தொகையில் தொகுதிக்கு வந்தது எவ்வளவு என்று பார்க்க, வேட்பாளர் கணக்கின் 'கட்சி தந்தது' பகுதியோடு ஒப்பிட வேண்டும்.

கட்சிக்கு வந்த நன்கொடையில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்டவை ஆண்டறிக்கையில் பெயரோடு இருக்கும். கொடுப்பவர் பெயர் வெளிவராமல் வங்கிப் பத்திரம் மூலம் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த பின், பத்திர எண்களுடன் கூடிய விவரம் மார்ச் 21 அன்று வெளியானது. 2019 ஏப்ரல் 12-க்குப் பிந்தையவற்றில், வாங்கிய நிறுவனத்தையும் பணமாக்கிய கட்சியையும் அந்த எண்ணைக் கொண்டு பொருத்திப் பார்க்க முடியும். அதற்குப் பிறகு வந்த பணத்துக்குத் நன்கொடை திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகளையும் புரட்ட வேண்டியிருக்கும்.